பழைய விண்டோஸை எப்படிக் கைவிடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் பில்லிங் மென்பொருளின் அடுத்த பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், விட்டுவிடு. ஆனால் எப்படி விடுகிறாய் என்பதில்தான் உன் தொழில் நாணயம் இருக்கிறது.

விண்டோஸ் 7-க்கு எல்லோருக்குமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் மேலும் மூன்றாண்டு கிடைத்தது. நீ எழுதும் பைத்தானும் 3.8-க்குப் பிறகு அதில் ஓடாது. அந்த 3.8-க்கே 2024-இல் ஆயுள் முடிந்தது. விண்டோஸ் 7-ஐத் தாங்க நினைத்தால் அதே பழைய பைத்தானையும் பழைய நூலகங்களையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அவற்றில் ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆளில்லை. ஒரே நிரலைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறாய் என்பதால், நேற்று புதுக் கணினி வாங்கிய கடைக்காரருக்கும் அந்த ஓட்டை போய்ச் சேரும். எனக்கு இதுதான் பெரிய காரணம். பழைய வாடிக்கையாளருக்குக் காட்டும் தாட்சண்யத்துக்கான விலையைப் புதியவர் கொடுக்கக் கூடாது.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற கணினிப் புழு பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தானதைப் படித்திருப்பாய். பலரும் அதை விண்டோஸ் எக்ஸ்பியின் கதையாகவே சொல்கிறார்கள். உண்மையில் தொற்றிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது. திருத்தமும் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடத்தான் ஆளில்லை. ஆகவே 'ஆதரவு உண்டு' என்று அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதே. திருத்தம் கடைசிக் கடையின் கணினி வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் உன் வேலைதான்.

பழைய கணினி வைத்திருப்பவரைக் கஞ்சன் என்றோ விவரம் இல்லாதவர் என்றோ எண்ணாதே. மருந்துக்கடையில் கார்பன் நகலோடு பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் பேரலல் போர்ட்டில் தொங்குகிறது. அச்சகத்தில் பழைய மென்பொருளின் டாங்கிளுக்குப் புது விண்டோஸில் டிரைவர் கிடையாது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். பல கடைகளில் அதற்குப் பொருள் புதுக் கணினி என்பதுதான்.

விடும்போது இதை நினைத்துக்கொள். இரவில் உன் அப்டேட் தானாக இறங்குகிறது. காலையில் கடைப் பையன் கணினியைப் போட்டதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி: கெர்னல்32.டிஎல்எல்-இல் இன்ன நுழைவிடம் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில். கல்லா முன் ஆட்கள் நிற்கிறார்கள். அவனுக்கு அது தன் தவறு போலத் தெரியும். இந்தக் காலையை யாருக்கும் கொடுக்காதே. அப்டேட் இறங்கும் முன்பே விண்டோஸ் எண்ணைப் பார்த்து, 'இந்தக் கணினிக்கு இதுவே கடைசிப் பதிப்பு' என்று தமிழில் சொல்லி நிற்க வேண்டும். அறிவிப்பை ஓராண்டுக்கு முன்பே கொடு. தீபாவளி நெருக்கத்திலும் மார்ச் கணக்கு முடிப்பிலும் நாள் குறிக்காதே.

இன்னும் சில ஆண்டு வேண்டும் என்பவருக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தனிக் கிளையாகத் தரலாம். மோசில்லா தன் பயர்பாக்ஸ் 115-ஐ விண்டோஸ் 7-க்காக அப்படித்தான் தவணை தவணையாக நீட்டியது. உனக்கு அத்தனை ஆள்பலம் இல்லை. கட்டணம் வாங்கி, முடியும் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுச் செய். முடியாதென்றால் முடியாதென்று சொல்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் பொது ஆதரவு முடிந்தது. இதே கேள்வி அதை வைத்தும் சீக்கிரமே உன்னிடம் வரும். அதனால் இப்போதே இரண்டு வேலைகளை முடித்துவை. கடைக்காரரின் கணக்கு முழுவதும் சிஎஸ்வி கோப்பாக வெளியே வர ஒரு பொத்தான் வை. கடைசிப் பதிப்பின் உரிமச் சரிபார்ப்பு உன் சர்வரை நம்பியிராமல் ஓடும்படி மாற்று. இவை இரண்டும் முடிந்த பிறகு அறிவிப்பை எழுது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்