போக்சோ வழக்கில் சாட்சி சொல்லும் குழந்தைக்குத் துணை நிற்பது எப்படி

பாலியல் குற்ற வழக்குகளில் பெரும்பாலும் நடந்ததை நேரில் அறிந்த ஒரே சாட்சி பாதிக்கப்பட்ட குழந்தைதான். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. சாட்சி சொல்லும்போது அவர்களுக்குப் பல பாதுகாப்புகளையும் தருகிறது. ஆனால் கேட்டுப் பெற ஆளில்லாத இடத்தில் அவை ஏட்டிலேயே நின்றுவிடுகின்றன.

முதல் வேலை, துணைக்கு ஒருவரை ஏற்படுத்துவது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அக்குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். பெற்றோர் தாங்களாகவே குழுவை அணுகிக் கேட்பது நல்லது. அந்த நபருடன் குழந்தைக்கு ஒட்டவில்லை என்றால் விலக்கும்படி கோரலாம். குழந்தை காரணம் சொல்லத் தேவையில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடும்பத்துக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

சம்மன் வருவதற்கு முன்பே நீதிமன்றத்தைக் குழந்தைக்குக் காட்டிவிட வேண்டும். விசாரணை நடக்காத வேளையில் அழைத்துப் போய், நீதிபதி எங்கே அமர்வார், கேள்வி கேட்பவர் யார், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் காட்டினால் பாதி பயம் போய்விடும். திரையோ காணொலி வசதியோ, மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ தேவைப்பட்டால், அரசு வழக்கறிஞர் வழியாக முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். சாட்சி நாளன்று காலையில் கேட்டால் பெரும்பாலும் வாய்தாதான் கிடைக்கும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது குழந்தையைத் தயார்படுத்துவதில்தான். எப்படிப் பதில் சொல்வது என்பதைப் பழக்கலாம். என்ன சொல்வது என்பதை ஒருபோதும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. "இப்படிச் சொல்லு கண்ணு" என்று தாய் பாசத்தோடு எடுத்துக்கொடுத்த ஒரு வரியை வைத்தே, குறுக்கு விசாரணையில் முழு வாக்குமூலத்தையும் உடைக்கப் பார்ப்பார்கள். சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் குழந்தையை வதைக்கும், நினைவையும் கலைக்கும். கேள்வி புரியாவிட்டால் "புரியவில்லை" என்றும், தெரியாவிட்டால் "தெரியாது" என்றும் சொல்லலாம், அழுகை வந்தால் அழலாம், தண்ணீர் கேட்கலாம். பள்ளிக்கூடம், பிறந்தநாள் போன்ற வேறு விஷயங்களைக் கேள்வி பதிலாகப் பேசி இவற்றைப் பழக்கினால் போதும். மாஜிஸ்திரேட்டிடம் முன்பு கொடுத்த வாக்குமூலம் பற்றிய பேச்சை அரசு வழக்கறிஞரிடம் விட்டுவிட வேண்டும்.

சாட்சி நாளன்று சாப்பாடும் பிடித்த பொருள் ஒன்றும் கூடவே இருக்கட்டும். காத்திருக்கும் நேரம் நீளும். நீதிமன்றத் தாழ்வாரத்தில் எதிரியும் அவருடைய உறவினர்களும் நிற்பார்கள் என்பதால், தனி அறையோ பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான மையமோ இருந்தால் குழந்தையை அங்கே உட்கார வைக்க வேண்டும். விசாரணை பொதுமக்கள் இல்லாமல், குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க நடக்கும். சாட்சி சொல்லும்போது எதிரி கண்ணில் படக் கூடாது என்கிறது 36ஆம் பிரிவு. 33ஆம் பிரிவின்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்விகளை நீதிபதியிடமே தர வேண்டும்; அவர்தான் குழந்தையிடம் கேட்பார். மிரட்டும் கேள்விக்கும் நடத்தையைக் களங்கப்படுத்தும் கேள்விக்கும் இடமில்லை. உடன் இருப்பவர் பதிலில் தலையிடக் கூடாது, தலையசைத்துக் குறிப்புக் காட்டுவதும் தவறு. குழந்தை சோர்ந்துபோனால் அரசு வழக்கறிஞர் மூலம் இடைவேளை கேட்கலாம். தேவை என்று கருதினால் நீதிமன்றம் அதை அனுமதிக்கலாம்.

நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும். தாமதமானால் நீதிபதி அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வாய்தா நீள நீள, சமரசம் பேச ஊர்ப் பெரியவர்களும் சொந்தக்காரர்களும் வருவார்கள். பெரும்பாலும் எதிரி தெரிந்தவராகவே இருப்பதால் இந்த நெருக்கடி வீட்டுக்குள்ளேயே தொடங்கும். மிரட்டல் வந்தால் உடனே காவல்துறைக்கும் அரசு வழக்கறிஞருக்கும் எழுத்தில் தெரிவித்து, 2018ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனு செய்யலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

சாட்சி முடிந்த அன்று "ஏன் அப்படிச் சொன்னாய்" என்று யாரும் கேட்கக் கூடாது. தீர்ப்பைக் குழந்தைக்கு நேரில், புரியும் மொழியில் சொல்ல வேண்டும். எதிரி விடுதலையானால், சான்றுகள் போதவில்லை என்று நீதிமன்றம் கருதியிருக்கலாம் என்றும், அதனால் குழந்தை பொய் சொன்னதாக ஆகிவிடாது என்றும் விளக்க வேண்டும். விடுதலையில் முடிந்த வழக்கிலும், குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்தது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு வழங்கப் பரிந்துரைக்கலாம். அதைக் கேட்டு மனு போட வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும்.