உமரிக்கீரையும் ரத்தம் உறையும் கணக்கும்

ஈசிஆர் ரோட்டில் மரக்காணம் தாண்டிப் போனவங்க உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி கடலோர உப்பு நிலத்தில் தானாக முளைக்கும் செடி உமரி. இலையை நல்லா அலசி, உப்புப் போடாமலேயே சமைக்கலாம்.

எல்லாப் பச்சை இலையையும் போல உமரியிலும் வைட்டமின் கே1 இருக்கு. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கடத்துவது இலைக்குள் அதன் வேலை. நம்ம உடம்பில் வேலையே வேற. ரத்தம் உறையத் தேவையான 2, 7, 9, 10 என்ற நான்கு காரணிகளைக் கல்லீரல் தயாரிக்குது. அவை கால்சியத்தைப் பிடிக்கும் திறன் பெற வைட்டமின் கே வேணும். உப்பளத்தில் காலில் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் செடியில் இருந்துதான் வந்தது. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தச் செடியில் உள்ள கூமரினைப் பூஞ்சை டைகூமராலாக மாற்றியதுதான் காரணம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு 1939-இல் அதைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கான மருந்தானது.

வைட்டமின் கே-யை ரீசார்ஜ் பேட்டரின்னு வெச்சுக்கோங்க. ஒருமுறை வேலை செய்ததும் ஒரு நொதி அதைத் திரும்ப சார்ஜ் செய்யும். வார்ஃபரின் அந்தச் சார்ஜரைத் தடுக்குது. செயற்கை இதய வால்வு வைத்தவங்களுக்கு அதில் ரத்தம் கட்டாமல் இருக்க இதுதான் காவல்.

சிக்கல் சாப்பாட்டில் வருது. திடீர்னு தினமும் கீரை சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறைஞ்சு, வால்வில் ரத்தம் கட்டலாம். பயந்து கீரையை அடியோடு நிறுத்தினால் மருந்து ஓங்கி, ரத்தம் கசியலாம். இதை அளக்கத்தான் ஐஎன்ஆர் பரிசோதனை. மருந்து சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். வால்வு வைத்தவருக்குப் பெரும்பாலும் 2 முதல் 3.5-க்குள் வைப்பாங்க.

ஆகவே கீரை எதிரி இல்லை, ஏற்ற இறக்கம்தான் எதிரி. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு கீரை போதும். மூலிகைச் சூரணமோ கஷாயமோ தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லணும். மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. உங்க வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்தால், கடைசியா ஐஎன்ஆர் எப்போ பார்த்தாங்கன்னு இன்னைக்கே கேளுங்க.