இரட்டை இஞ்சின் படகில் வேகக் குறைவு: காரணம் அறியும் முறை

கடலோரத்திலும் காயலோரத்திலும் நிலமுள்ளவர்களில் சிலர் வயலோடு இஞ்சின் படகும் வைத்திருக்கின்றனர். மழைக்காலத்தில் வெள்ளம் வந்துவிட்டால் கிராம உத்தியோகஸ்தர்கள் முதலில் தேடுவதும் இப்படகுகளையே. 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கரை சேர்த்தனர். அத்தகைய நாளில்தான் படகு முழு வேகத்தில் ஓடாதென்பது தெரியவருமாயின், அதற்குப் பரிகாரம் தேட அவகாசமிராது.

பின்பலகையில் இரண்டு இஞ்சின்கள் மாட்டிய படகு முன்போல் ஓடவில்லை என்று கண்டவுடன், சொந்தக்காரர் ஒன்று இஞ்சினைப் பிரிக்கச் சொல்லுகிறார். அல்லது புரொபெல்லர் எனப்படும் விசிறியைப் புதிதாக வாங்கிவிடுகிறார். இவ்விரண்டும் கடைசியில் செய்யவேண்டியவை. பணம் செலவாகியும் வேகம் வராததற்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம். முதலில் வேண்டியது அளவு.

செயற்கைக்கோள் மூலம் வேகம் காட்டும் வசதி இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. காற்று அடங்கிய காலை வேளையில், நேரான ஒரு தூரத்தைப் போகவும் வரவும் முழு விசையில் ஓட்டி, இரு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் நீரோட்டத்தால் வரும் பிழை பெரும்பாலும் நீங்கும். ஏறியிருந்த ஆட்கள் எத்தனை பேர், எண்ணெய் எவ்வளவு, சாமான் என்ன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். "போன வருஷம் நன்றாக ஓடிற்று" என்பது அளவாகாது. போன வருஷம் இருவர் ஏறிய படகில் இவ்வருஷம் அறுவர் ஏறியிருக்கலாம்.

இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதென்பதே இவ்விஷயத்தில் முதல் சாட்சி. முழு விசையில் எத்தனை சுற்று வரவேண்டுமென்று இஞ்சினோடு வந்த புஸ்தகத்தில் கண்டிருக்கும். உதாரணமாக 5,000 முதல் 6,000 வரை என்று வைத்துக்கொள்ளலாம். விசிறியின்மேல் பிட்ச் என்று ஓர் எண் பொறித்திருக்கும். பிட்ச் 17 அங்குலமானால், நழுவாமல் திரும்பும் விசிறி ஒரு சுற்றுக்கு 17 அங்குலம் முன்னேறும் என்பது பொருள். இஞ்சின் 5,500 சுற்றுச் சுற்றி, பல்சக்கர விகிதம் 2-க்கு 1 ஆக இருந்தால், விசிறி 2,750 சுற்றுச் சுற்றும். அக்கணக்கில் மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர் ஆகிறது. தண்ணீர் கெட்டிப் பொருளன்றாதலால் விசிறி சற்று நழுவும். இலேசான வேகப் படகுகளில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு நழுவுவது சகஜம். 15 என்றே கொண்டாலும் 60 கிலோமீட்டர் கிடைக்க வேண்டும்.

படகு 52 கிலோமீட்டர்தான் போகிறது, சுற்றும் 4,700-க்கு மேல் ஏறவில்லை என்றால், நழுவல் பழையபடியே இருக்கிறது, குறைந்தது சுற்றுதான். இஞ்சின் தளர்ந்திருக்கலாம், அல்லது படகின் பளு மிகுந்திருக்கலாம். சுற்று 5,500 இருந்தும் வேகம் 48-தான் என்றால் நழுவல் நூற்றுக்கு 32 ஆகிவிட்டது. அப்போது இஞ்சினைப் பிரிப்பதில் பயனில்லை. விசிறியின் இதழ் மடிந்திருக்கிறதா, அதன் நடுவிலுள்ள ரப்பர் பிடிப்பு வழுக்குகிறதா, இஞ்சின் உயர மாட்டப்பட்டு விசிறி காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிணற்றுப் பம்பின் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் இஞ்சின் ஓடியும் தண்ணீர் வராததை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

இனி, இரண்டு இஞ்சின்கள் இருப்பதால் வரும் ஒரு மயக்கம் உண்டு. நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று தளர்ந்தால் மற்றதற்குப் பளு கூடுவதுபோல, ஓர் இஞ்சின் சக்தி குறைந்தால் படகு மெதுவாகி, நல்ல இஞ்சினும் தன் முழுச் சுற்றை எட்டமாட்டாமல் திணறும். இரண்டு முட்களும் குறைவாகக் காட்டுவதைக் கண்டு இரண்டையும் பழுதென்று எண்ணுவது தவறு. ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு மற்றதைமட்டும் சிறிது தூரம் ஓட்டி, பின்பு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். தனியே ஓடும் இஞ்சின் முழுச் சுற்றுக்கு வராது, வரவேண்டியதுமில்லை. இரண்டின் சுற்றும் ஒத்திருக்கிறதா என்பதே கேள்வி. பளு மிகுதியாதலால் நெடுநேரம் இப்படி ஓட்டலாகாது.

வித்தியாசம் தெரிந்தால், இரட்டை இஞ்சினால் வரும் சௌகரியமும் தெரியவரும். ஒன்றன் உறுப்பை மற்றதில் மாட்டிச் சோதிக்கலாம். மீட்டரை மாற்றிப் பார்த்தால் பொய் சொல்வது மீட்டரா இஞ்சினா என்று தெரியும். எண்ணெய்க் குழாயை மாற்றியதும் குறை அடுத்த இஞ்சினுக்குப் போய்விட்டால், குறை குழாயில்தான். விசிறிகளையும் இவ்வாறே மாற்றலாம். ஆனால் சில படகுகளில் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுழலும், அவற்றை மாற்றலாகாது. விசிறியைத் தொடுமுன் சாவியை எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் விரல் இழப்பது இங்கேதான்.

இஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் விசைக் கைப்பிடியை முன்தள்ள, மற்றவர் கார்புரேட்டரின் கதவு முழுவதும் திறக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. கேபிள் தளர்ந்து, கதவு முக்கால் பங்கே திறப்பது அபூர்வமன்று. அடுத்தது எண்ணெய். படகு முழு விசையில் ஓடும்போது, குழாய் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழை ஒருவர் பிசைய, சுற்று ஏறுமாயின் இஞ்சினுக்கு எண்ணெய் போதவில்லை. குமிழ் தானே சப்பிப்போனால், தொட்டிக்கும் குமிழுக்கும் இடையே அடைப்பு, அல்லது தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறக்கப்படவில்லை. இந்தியாவில் இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாதலால், மாதக்கணக்கில் சும்மா நின்ற படகின் தொட்டியில் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கக்கூடும். புதுவகை இஞ்சின்கள் சூடு மிகுந்தால் தாமாகவே சுற்றைக் குறைத்துக்கொள்ளும். குளிர்நீர்த் தாரை வலுவாய் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். இவை யாவும் சரியென்றால் மெக்கானிக்கைக் கொண்டு பிளக்குகளையும் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் பார்க்கலாம். அழுத்தம் ஒன்றுக்கொன்று நூற்றுக்கு 10 அல்லது 15-க்கு மேல் வித்தியாசப்படலாகாது.

இரண்டு இஞ்சின்களும் ஒரே அளவாய்க் குறைந்திருந்தால் படகையே சந்தேகிக்க வேண்டும். சில வாரங்கள் உப்புநீரில் நின்ற படகின் அடியில் பாசியும் சிறு சிப்பிகளும் பற்றி, வேகத்தைத் தின்றுவிடும். அதைவிட வஞ்சகமானது உள்ளே புகுந்த நீர். பைபர் படகின் இரட்டைத் தளத்துக்கு இடையிலும், அதிலுள்ள நுரைப் பொருளிலும் ஊறிய நீர் கண்ணுக்குத் தெரியாது. 300 லிட்டர் ஊறினால் 300 கிலோ, அதாவது நான்கைந்து ஆட்கள் எப்போதும் ஏறியிருப்பதற்குச் சமம். கரும்பு வண்டி நிறுக்கும் எடைமேடையில் படகை வண்டியோடு ஏற்றி நிறுத்து, பின் வண்டியைமட்டும் நிறுத்துக் கழித்து, படகின் ஆதி எடையோடு ஒப்பிட்டால் உண்மை வெளியாகும்.

இவ்வளவும் பார்த்த பிறகே விசிறியை மாற்ற நினைக்கலாம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை ஏறும். அழுக்கேறிய படகுக்குச் சிறிய பிட்ச் மாட்டியவுடன் சுற்று ஏறி, குறை தீர்ந்ததுபோல் தோன்றும். பிறகு ஒருநாள் அடிப்பாகத்தைச் சுரண்டியதும் அதே இஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுற்றிக் கெட்டுப்போகும். ஆதலால் சுத்தமான படகில், வழக்கமான பளுவோடு எடுத்த கணக்கின்படியே விசிறி வாங்க வேண்டும். கழற்றிய பழைய விசிறி பழுதில்லாததானால், அதையும் அதற்குரிய மரையையும் பின்னையும் படகிலேயே வைத்திருப்பது நல்லது. வெள்ளத்தில் மூழ்கிய வேலியில் மோதி இதழ் உடைந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ள உதவும்.