ஒரு மழை, இரு கடல்கள்

ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மையைப் புரிந்துகொள்ள நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரமே நல்ல பாடம். இங்கு ஓடும் ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. அருகிலுள்ள செர்த்திங் ஆறோ பகாங் ஆற்றின் வழியே தென்சீனக் கடலுக்குச் செல்கிறது. இடைப்பட்ட குறுகிய நிலத்தில் அக்கால வணிகர்கள் படகுகளை இழுத்துச் சென்றதால் அவ்விடம் 'பெனாரிக்கான்' எனப் பெயர் பெற்றது.

ஆகவே, நம் செம்பனைத் தோட்டங்களில் இடும் உரமும் தெளிக்கும் களைக்கொல்லியும் மழையில் கரைந்தால் மாநில எல்லையோடு நிற்பதில்லை. ஆனால், மலேசியாவில் ஆறுகள் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டவை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. எல்லைக் கோட்டை அல்ல, ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரே அலகாகக் கருத வேண்டும் என்பதே இம்மேலாண்மையின் அடிப்படை. நீரைப் பயன்படுத்துவோர் அனைவரும் அதில் பங்கேற்க வேண்டுமென 1992இல் டப்ளின் மாநாடு வலியுறுத்தியது.

1971இல் ஈரானில் உருவான ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ், பகாவுக்கு அண்மையிலுள்ள பெரா ஏரி 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் தளமானது. ஏரியைக் காக்க உலக நாடுகள் கைகோக்கலாம். ஏரிக்கு வரும் ஓடையின் கரையில் மருந்து தெளிக்காமல் விடுவதோ தோட்டத்தில் இருப்பவர் கையில்தான் உள்ளது. பயனீட்டாளர் பங்கேற்பு என்பதில் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். அதை அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்வது, தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த நம் கடமையன்றோ?