பாழ்ங்கிணற்று விஷவாயுவும் நிறம் மாறும் குழாயும்

நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் தூர்வாரவோ, நிரம்பிய மலக்குழியைச் சுத்தஞ் செய்யவோ இறங்கியவன் மயங்கி வீழ்வதும், அவனைத் தூக்கப் போன தம்பியும் அண்டை வீட்டானும் ஒருவர் பின் ஒருவராய் மடிவதும் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழுந் துயரங்களாம். பேயின் சேஷ்டை என்று சிலர் எண்ணுவதுண்டு. அது பேயன்று, கண்ணுக்குப் புலனாகாத வாயுவே.

கழிவுப் பொருள்கள் காற்றோட்டமின்றி அழுகுங்கால் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் விஷவாயு பிறக்கிறது. இது காற்றினுங் கனமானதாகையால் அடியில் தங்கும். அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்குங் குறைவாக இருப்பினும் மூக்கு அறியும். ஆனால் 100 பங்கை எட்டினால் சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகும். 500 பங்குக்கு மேற்படின் விரைவில் நினைவு தப்பி மரணம் நேரிடலாம். ஆதலின், “நாற்றம் நின்றது, இனிப் பயமில்லை” என்று கருதுவதே பேராபத்து.

மூக்கு கைவிடுமிடத்தில் உதவுவது நிறம் மாறும் குழாய். விரல் நீளமுள்ள கண்ணாடிக் குழாயில் ஸிலிகா ஜெல் என்னும் வெண்மணிகள் அடைக்கப்பட்டிருக்கும். இம்மணிகளில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு; ஒரு கிராம் மணிகளின் உட்பரப்பு பல நூறு சதுர மீட்டராகும். அப்பரப்பில் லெட் அஸிடேட் என்னும் ஈய உப்பைப் பூசியிருப்பர். விஷவாயு பட்டவுடன் ஈயமுங் கந்தகமுங் கூடிக் கபில நிறமான ஈய ஸல்பைடாக மாறும். வாயு எவ்வளவு மிகுதியோ, கறையும் அவ்வளவு நீளும். 1919-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் லாம்ப், ஹூவர் என்னும் இருவர் நுரைக்கல்லில் ரஸாயனம் ஏற்றி, கார்பன் மானாக்ஸைடு வாயுவைக் காட்டும் குழாயைச் செய்தனர்.

உபயோகிக்கும் முறை வருமாறு:

1. குழாயின் காலாவதித் தேதியைப் பார்க்க.
2. இரு முனைகளையும் ஒடித்து, குழாயிலுள்ள அம்புக்குறி பம்பை நோக்குமாறு கைப்பம்பிற் பொருத்துக.
3. நீட்டுக் குழலைக் கொண்டு மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் ஒவ்வொரு புதுக்குழாயாற் சோதிக்க. குழியின்மேல் குனியலாகாது.
4. குறித்த நேரம் பொறுத்து, கறை முடியுமிடத்து எண்ணை வாசிக்க.
5. ஈயம் நஞ்சாகையால், உபயோகித்த குழாயைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அகற்றுக.

இக்குழாய் ஒரு வாயுவையே காட்டும் என்பதை மறவற்க. பிராணவாயுக் குறைவை இது காட்டாது. அதற்குத் தனி மானி வேண்டும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமோ, எரிவாயு இருப்பின் வெடிப்பையே விளைவிக்கும். மேலும், சேற்றைக் கலக்கினாற் புதிதாக வாயு கிளம்பும். முன்பார்த்த சோதனை அப்பொழுது செல்லாது.

மலக்குழியிலும் சாக்கடையிலும் பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இறக்குதல் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்வேலைக்கு யந்திரமே தக்கது. கிணற்று வேலைக்கேனும், தனியொருவரால் வாங்கவியலாத பம்பையும் மானியையும் ஊரார் கூட்டாக வாங்கி வைத்தல் கூடும். விதைக்கும் உரத்துக்கும் ஒன்றுசேரும் நாம் உயிருக்காகவும் ஒன்றுசேர்தல் வேண்டாவா? உள்ளே ஒருவன் விழுந்துவிட்டாலோ, பின்னால் குதியாது தீயணைப்புப் படையை அழைப்பதே அவனுக்கும் நமக்கும் நன்மை.