தோல் ஸ்ட்ராப்பில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்

வாட்ச் ஸ்ட்ராப், செயின் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கே: ஆன்லைனில் ஸ்ட்ராப் வாங்க வேண்டும். 20 மி.மீ.யா, 22 மி.மீ.யா என்று குழப்பமாக இருக்கிறது. பழைய ஸ்ட்ராப்பை அளந்தால் போதுமா?
– வாசகர், திருநெல்வேலி

ப: போதாது. பழைய தோல் நசுங்கியிருக்கும். முன்பு மாட்டியவர் பெரிய ஸ்ட்ராப்பை அழுத்தித் திணித்தும் இருக்கலாம். ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை உள்பக்கமாக அளந்து பாருங்கள். ஆண்கள் வாட்சில் பெரும்பாலும் 18, 20, 22. பெண்கள் வாட்சில் 12, 14, 16. 19, 21 என்று வந்தாலும் திகைக்காதீர்கள், அந்த அளவிலும் ஸ்ட்ராப் கிடைக்கிறது. 19-க்கு 18 மாட்டினால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்து பின்னைத் தேய்த்துவிடும். டயல் எவ்வளவு பெரியது என்பதை வைத்து ஊகிக்கவே ஊகிக்காதீர்கள்.

கே: பக்கிள் உள்ள துண்டு எந்தப் பக்கம் வர வேண்டும்? வீட்டில் இரண்டு வாட்சில் இரண்டு விதமாக இருக்கிறது.
– வாசகி, கரூர்

ப: பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 பக்கம். துளை உள்ள நீளத் துண்டு 6 பக்கம். மற்றதைக் கழற்றி மாற்றுங்கள்.

கே: சில மாதங்களுக்கு முன்புதான் புது ஸ்ட்ராப் மாட்டினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோது வாட்ச் கழன்று விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. ஸ்ட்ராப் அறுபடவே இல்லை. எங்கே தவறு?
– வாசகர், சேலம்

ப: பின்னில். ஸ்ட்ராப்பை வாட்சோடு சேர்த்துப் பிடிப்பது அந்த ஸ்பிரிங் பின்தான். மெல்லிய குழாய், அதற்குள் ஒரு ஸ்பிரிங், இரு முனையிலும் உள்ளே அமுங்கும் கூர். வியர்வை உள்ளே போய் உப்பு படிந்து துரு ஏறினால் கூர் அமுங்கியபடியே நின்றுவிடும். அப்புறம் அந்தப் பின் காதில் நிற்பதும் நிற்காததும் அதிர்ஷ்டம்.

நூற்றுக்கணக்கில் செலவழித்து ஸ்ட்ராப் வாங்குகிறவர்கள், பின் மாற்றலாமா என்று கேட்டால், ‘பழசே நன்றாகத்தானே இருக்கிறது’ என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். புது ஸ்ட்ராப் என்றால் புதுப் பின், இதில் பேரமே வேண்டாம். பழைய பின்னைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த பின் நேராக ஓடாமல் தத்தித் தத்திப் போகும். தடிமனும் பொருந்த வேண்டும். சாதாரண வாட்சுக்கு 1.5 மி.மீ., சிலவற்றுக்கு 1.8, சில டைவர் வாட்சுகளுக்கு 2.5 கூட உண்டு. பெரிய துளையில் மெல்லிய கூர் நுழைந்தால் மாட்டியது போலவே தெரியும், ஆனால் பிடிக்காது. மாட்டியதும் ஸ்ட்ராப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகி, பலமாக இழுத்துப் பாருங்கள். கழல்வதானால் அங்கேயே, மேசை மேலேயே கழலட்டும்.

கே: ‘ஜெனுவின் லெதர்’ என்று அடியில் அச்சிட்ட ஸ்ட்ராப். ஆறே மாதத்தில் மேல்பூச்சு பொரிந்து உரிகிறது, நாற்றம் வேறு. மென்மையாக இருக்கட்டும் என்று வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். இன்னும் மோசமாகிவிட்டது.
– வாசகர், சென்னை

ப: இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்றை உங்களுக்கு விற்றவர் செய்தார், இன்னொன்றை நீங்கள் செய்தீர்கள்.

முதலில் விற்றவர். அந்த முத்திரை எந்தத் தரத்துக்கும் உத்தரவாதம் அல்ல. தோலைக் கிடைமட்டமாகப் பிளந்தால் மேலடுக்கு உறுதியாக இருக்கும், அடியில் வருவது ‘ஸ்ப்ளிட்’. அந்த அடித்தோலின் மேல் பாலியூரிதேன் பூசி, தோல் போன்ற ரேகைகளை அச்சு அழுத்தினாலும் அதே முத்திரை குத்தி விற்கிறார்கள். அதற்கும் கீழே ‘பாண்டட் லெதர்’. தோல் துகள்களை அரைத்துப் பசையோடு சேர்த்துத் துணியின் மேல் அழுத்திய பலகை அது. நம் வியர்வை பட்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது. அப்புறம் ரெக்ஸின். அது தோலே இல்லை.

வாங்கும்போது பக்கிள் துளையைப் பாருங்கள். ஸ்ட்ராப்பின் ஓரத்துக்குப் பூச்சு அடித்து எதையும் மறைத்துவிடலாம், துளையின் உள்சுவரை மறைப்பது கடினம். கடையில் உருப்பெருக்கி இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் கைபேசி கேமராவைப் பெரிதாக்குங்கள். நல்ல தோலில் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கலைந்து தெரியும். ரெக்ஸினில் வெள்ளை நூல் நெசவு எட்டிப் பார்க்கும். பாண்டட் லெதரில் நாரே இருக்காது. ஊசியால் லேசாகக் கீறினால் தூள் உதிரும்.

நம் ஊர்க்காரர்கள் போலித் தோலில் ஏமாறுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் உலகம் முழுக்கப் போகிறது. 1948 முதல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் நம் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துப் பதனீட்டாளர்களின் கைவேலை. தாவரப் பட்டையில் பதனிட்ட தோலுக்கு வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். கட்டக் கட்ட நிறம் ஆழமாகும், தண்ணீர் பட்டால் கறை விழும். குரோம் உப்பில் பதனிட்டது மென்மையானது, சீக்கிரம் தயாராவது, வியர்வையை ஓரளவு தாங்குவது. தினம் ஸ்கூட்டரில் போகிறவருக்கு நான் குரோம் தோலைத்தான் சொல்வேன். இவ்வளவு பக்கத்தில் நல்ல சரக்கு இருக்கும்போது, அச்சிட்ட இரண்டு வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். துளையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இனி நீங்கள். ஸ்ட்ராப் என்பது ஒரே தோல் அல்ல. மேல் தோல், உள்ளே நிரப்பு, அடியில் லைனிங், எல்லாம் பசையில் ஒட்டித் தைத்தது. எண்ணெய் பசையை இளக்குகிறது, தோலின் நுண்துளைகளை அடைக்கிறது, தூசியை இழுக்கிறது, நாளாக ஆக சிக்குப் பிடிக்கிறது. வெயில் அதை முறுக்கிவிடுகிறது. நாற்றம் அடிப்பது ஈரத்தால். அதற்கு மருந்து காற்று மட்டுமே. வீட்டுக்கு வந்ததும் கழற்றி, அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் மல்லாத்தி வையுங்கள். டப்பாவில் போட்டு மூடாதீர்கள். பவுடர் தூவாதீர்கள். கட்டிய கையில் சென்ட்டும் சானிடைசரும் அடிக்காதீர்கள். இரண்டு ஸ்ட்ராப் வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கட்டினால் ஒவ்வொன்றும் முழுதாக உலர நேரம் கிடைக்கும். நம் வெயிலில் தினம் கட்டும் தோல் ஸ்ட்ராப் ஓராண்டு உழைத்தாலே அது நல்ல ஸ்ட்ராப். அதன் பிறகு வருத்தப்படாமல் மாற்றுங்கள். உங்களுடையது உரியத் தொடங்கிவிட்டது, இனி தேறாது.

கே: என் மகளுக்கு செயின் வாட்ச் கட்டினால் மணிக்கட்டில் சிவந்து அரிக்கிறது. இனி வாட்சே கட்டக் கூடாதா?
– தாய், மதுரை

ப: கட்டலாம், பயப்படாதீர்கள். அரிப்பின் வடிவத்தைப் பாருங்கள். செயின் படும் இடம் முழுக்கப் பரவலாகச் சிவந்திருந்தால், அடியில் சோப்புத் தண்ணீரும் வியர்வையும் தேங்கியதாக இருக்கலாம். செயினைத் தளர்த்தி, கை கழுவும்போது கழற்றி, தோல் உலர்ந்த பிறகு கட்டினால் சில நாளில் அடங்கும். பக்கிளோ பின்மூடியோ படும் இடத்தில் மட்டும் அச்சு எடுத்தது போலத் தடித்து, மலிவான காதணியிலும் ஜீன்ஸ் பொத்தானிலும் அதே அரிப்பு வருகிறதென்றால் நிக்கல் ஒவ்வாமை என்று சந்தேகப்படலாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்துங்கள்.

மலிவு செயின்களில் முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கும். முலாம் தேய்ந்ததும் வியர்வை அதைக் கரைத்துத் தோலுக்குக் கொண்டுவரும். 316எல் எஃகிலும் நிக்கல் உண்டு, ஆனால் கெட்டியாகப் பிணைந்திருப்பதால் வெளிவருவது மிகக் குறைவு. பலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அதுவும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலை ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மகளுக்கு டைட்டானியம் செயின் வாங்குங்கள், அல்லது நைலான் ஸ்ட்ராப்பும் டைட்டானியம் பக்கிளும். பக்கிள் மேல் நெயில் பாலிஷ் அடிக்கும் வித்தை ஒரு வாரத்தில் தேய்ந்துவிடும்.

கே: செயினில் இரண்டு கண்ணியை வீட்டிலேயே எடுத்துவிடலாமா?
– வாசகர், ஈரோடு

ப: உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் எடுக்கலாம். அம்பு காட்டும் திசையில் பின்னைத் தட்டி வெளியேற்றுங்கள், எதிர்த் திசையில் திரும்ப நுழையுங்கள். பக்கிளின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணியாக எடுங்கள். ஒரே பக்கம் இரண்டையும் எடுத்தால் பக்கிள் மணிக்கட்டின் ஓரத்துக்குப் போய்விடும். கட்டியபின் சுண்டுவிரல் நுழைகிற தளர்வு வேண்டும். மத்தியான வெயிலில் மணிக்கட்டு வீங்கும். அம்பு இல்லாமல் திருகு இருந்தால் சரியான அளவு ஸ்குரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள்.

கே: அப்பாவின் பழைய எச்.எம்.டி.யில் இழுத்தால் விரியும் செயின் இருக்கிறது. கை முடியைப் பிடுங்குகிறது. மாற்றினால் அப்பாவின் நினைவு போய்விடுமோ என்று மனம் வரவில்லை.
– வாசகர், கும்பகோணம்

ப: தாராளமாக மாற்றுங்கள். உங்கள் அப்பா தினம் சாவி கொடுத்தது வாட்சுக்கு, செயினுக்கு அல்ல. அந்த விரியும் செயினின் கண்ணிகளுக்குள் சிறு சிறு தகடு ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. தளர்ந்துவிட்டால் கண்ணிகள் சரியாக மூடாமல் முடியைக் கவ்வும். பழுது பார்ப்பது வீண். கழற்றி, சோப்புத் தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, காகிதத்தில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாட்சுக்கு மெல்லிய, நிரப்பில்லாத பழுப்புத் தோல் ஸ்ட்ராப் போடுங்கள். தடித்த ஸ்ட்ராப் அந்தச் சிறிய கேஸுக்கு அழகும் அல்ல, பொருத்தமும் அல்ல. கையில் இருப்பதைக் கட்டி ஓட விடுங்கள்.

கே: கல்லூரி மாணவன். ‘நேட்டோ ஸ்ட்ராப்’ ஜேம்ஸ் பாண்ட் கட்டியது என்கிறார்களே, உண்மையா? வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: அவர்கள் சொல்லும் பாண்ட் படம் ‘கோல்ட்ஃபிங்கர்’ 1964-இல் வந்தது. நேட்டோ ஸ்ட்ராப் என்று நாம் சொல்வதற்கு பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தர அளவு வகுத்தது 1973-இல். ஆக, படத்தில் பாண்டாக நடித்த ஷான் கானரி கட்டியது வேறொரு கோடு போட்ட நைலான் பட்டை, அதுவும் காதிடைவெளிக்குச் சின்னது. பாண்டை மறந்துவிட்டு, அந்த ஸ்ட்ராப் எதற்காக உருவானது என்று பாருங்கள். ஒரே நீளப் பட்டை இரண்டு பின்னுக்கும் உள்ளாக, வாட்சுக்கு அடியில் ஓடுகிறது. ஒரு பின் போனாலும் வாட்ச் கீழே விழாது, மற்ற பின்னில் தொங்கும். சைக்கிள், விளையாட்டு, மழை எல்லாவற்றுக்கும் ஏற்றது. சோப்பில் கசக்கி உலர்த்தலாம். குறை ஒன்று உண்டு: வாட்ச் ஏற்கெனவே தடிமன் என்றால் இன்னும் உயர்ந்து நிற்கும். மாணவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான, நம்பகமான ஸ்ட்ராப் இல்லை. வாங்குங்கள்.

கே: ஸ்மார்ட் வாட்சுக்கு சிலிக்கோன் நல்லதா, விலை கூடிய ஃப்ளோரோ எலாஸ்டோமர் நல்லதா?
– வாசகி, புதுச்சேரி

ப: உழைப்பில் ஃப்ளோரோ எலாஸ்டோமர் மேல். எண்ணெய்க்கும் வெயிலுக்கும் அசையாது. சிலிக்கோன் மென்மை, ஆனால் தூசியையும் நூல் இழையையும் இழுக்கும், கூர்மையான பொருள் பட்டால் கிழியும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். 2024 இறுதியில் அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பட்டைகளைச் சோதித்தபோது, ஃப்ளோரின் கலந்த விலையுயர்ந்த பட்டைகள் பலவற்றில் எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். வகை வேதிப்பொருளைக் கண்டார்கள். பீதி வேண்டாம். இரவு தூங்கும்போதும் வாட்சைக் கழற்றாதவர் என்றால், சிலிக்கோனே எடுங்கள் என்பது என் யோசனை.

கே: பீரோவில் பத்திரமாக வைத்திருந்த கறுப்பு ரெசின் ஸ்ட்ராப், கட்டாமலே தூள் தூளாக உடைகிறது. ஒட்ட முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: முடியாது. ரெசின் ஸ்ட்ராப் என்று விற்பது பாலியூரிதேன், அது காற்றின் ஈரத்தில் தானே சிதையும். கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். பத்திரப்படுத்தினாலும் வயதாகும், ஆகவே கட்டிப் பயன்படுத்துங்கள்.

கே: உண்மையான முதலைத் தோல் ஸ்ட்ராப் என்று ஒருவர் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: வேண்டாம். அந்த விலைக்குக் கிடைப்பது மாட்டுத்தோலில் அச்சு அழுத்திய செதில். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள், அச்சு புலப்படும். ஒருவேளை அது நம் நாட்டு முதலையின் தோலேயானால் இன்னும் மோசம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் அது. தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். அந்த ஆளிடமிருந்து விலகி நில்லுங்கள்.

கே: ஒரே வாட்ச், ஒரே ஸ்ட்ராப். அலுவலகம், கல்யாணம், மழை எல்லாவற்றுக்கும் எது?
– வாசகர், திருச்சி

ப: 316எல் எஃகு செயின். கண்ணிகள் மடித்த தகடாக இல்லாமல் முழு உலோகமாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை வாட்சிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த முறை எழுதுகிறவர்கள் வாட்சின் காதிடைவெளியை மில்லிமீட்டரிலும், நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் நல்ல ஸ்ட்ராப் எது என்று என்னால் சொல்ல முடியாது.