பழைய மோட்டார்ப் படகுக்குச் சமன்தகடு பொருத்துதல்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று, ஆயிரக்கணக்கான மக்களைக் கரை சேர்த்தனர். படகு மீன் பிடிப்போருக்கு மட்டும் உரியதன்று. ஆபத்துக் காலத்தில் ஊர் முழுவதற்கும் துணையாவது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. ஆகவே நீர்நிலைகளை அடுத்துள்ள ஊராட்சிகள் தம் பகுதியிலுள்ள பழைய படகுகளின் நிலையில் அக்கறை கொள்வது கடமையாகும்.

குறையும் காரணமும்

பழைய படகுகளில் பொதுவாகக் காணும் குறை, வேகமெடுக்கும்போது அணியம் மேலே தூக்கிக்கொள்வதாகும். மோட்டார், எண்ணெய்த் தொட்டி, ஓட்டுநர் ஆகிய பாரமெல்லாம் பின்னால் இருத்தலின் பின்பகுதி நீரில் அமிழ்கிறது. இதனால் எண்ணெய் வீணாகிறது. அதனினும் பெரிய தீங்கு, எதிரே நீரில் தத்தளிக்கும் மனிதரையோ சிறு தோணியையோ ஓட்டுநர் காண முடியாமற்போவதாகும்.

இக்குறையைப் போக்கவல்லவை டிரிம் டாப் எனப்படும் சமன்தகடுகள். பின்பலகையின் அடியோரத்தில், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாகக் கீல் வைத்துப் பொருத்தப்படும் எஃகுத் தகடுகள் இவை. தகட்டைத் தாழ்த்தினால் ஓடும் நீர் அதன்மேல் மோதிப் பின்பகுதியை உயர்த்துகிறது. அணியம் தானே தாழ்கிறது.

பணம் செலவிடுமுன்

முதலில் செலவில்லாத வழிகளைப் பார்க்க வேண்டும். படகின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டுக. பாரத்தில் ஒரு பகுதியை முன்னே நகர்த்துக. வெளிமோட்டாராயின், அதன் சாய்வைத் தாங்கும் ஆணியைப் பின்பலகைக்கு அருகிலுள்ள அடுத்த துளைக்கு மாற்றுக. பல படகுகளுக்கு இதுவே போதும்.

மெதுவாக நீரைப் பிளந்து செல்லும் படகுக்குத் தகட்டால் பெரும்பயன் இல்லை. விரைந்து நீர்மேல் எழும்பி ஓடும் படகுக்கே அது ஏற்றது. மணற்கரையில் இழுத்தேற்றும் படகில் தகடு மணலில் இடித்து வளையும். துறையில் கட்டி நிறுத்தும் படகுக்கே அதைப் பொருத்துவது நலம்.

அளவு

படகின் நீளத்தில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் ஒவ்வொரு தகட்டின் அகலமும் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. தகட்டின் நீளம் பெரும்பாலும் 9 அங்குலம். 20 அடிப் படகுக்கு 20 அங்குல அகலம் தேவை. அதன் பின்பலகை அடியில் 60 அங்குலம் அகலமுடையதெனக் கொள்வோம். நடுவிலிருந்து ஒரு பக்கம் 30 அங்குலம். விசிறிக்கு நீர் தடையின்றிச் செல்ல 8 அங்குலமும், ஓரத்தில் 3 அங்குலமும் விட்டால் எஞ்சுவது 19. ஆதலால் 18 அங்குல அகலமுள்ள தகட்டை எடுத்து, குறைந்த அகலத்தை ஈடுசெய்ய 12 அங்குல நீளமுள்ளதாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பின்பலகையைச் சோதித்தல்

பழைய படகில் முதன்மையானது இதுவே. கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். பழைய துளைகள் வழியே நீர் புகுந்து அது உளுத்துப்போவதுண்டு. சுத்தியால் மெல்லத் தட்டுக. கணீரென்று ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்தால் ஐயுறுக. தகடு வரவிருக்கும் இடத்தில் சிறு துளையிட்டுப் பார்க்கையில் தூள் கருத்து ஈரமாக வந்தால், பலகையைச் செப்பனிடாமல் தகடு பொருத்துதல் ஆகாது. உளுத்த பலகையில் அறைந்த திருகு, வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போகும். அவ்வழியே நீரும் புகும்.

பொருத்தும் முறை

1. படகைக் கரையேற்றி உலரவிடுக. பலகையின் உட்புறத்தில் எண்ணெய்த் தொட்டியோ மின்கம்பியோ உள்ளதா எனப் பார்த்த பின்னரே துளையிடுக.

2. அடிவிளிம்புக்கு ஏறத்தாழக் கால் அங்குலம் மேலே கீலை அமைக்குக.

3. ஒவ்வொரு துளையிலும் படகுக்கென விற்கும் அடைப்புப் பசையை நிரப்பித் துருப்பிடிக்காத எஃகுத் திருகை முடுக்குக.

4. முழுதும் உயர்த்திய நிலையில் தகடு, படகின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காதிருக்க வேண்டும்.

5. உப்புநீரில் ஓடும் படகாயின் அரிப்பைத் தாங்கும் துத்தநாகத் துண்டைத் தகட்டில் இணைக்குக. அதன்மேல் வர்ணம் பூசலாகாது.

6. மின்சாரத்தால் இயங்கும் வகையாயின் பாட்டரிக்கு அருகில் பியூஸ் வைக்குக.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

அமைதியான நீரில் சிறிது சிறிதாகத் தாழ்த்திச் சோதிக்க வேண்டும். படகு இடப்பக்கம் சாய்ந்தால் இடத் தகட்டைத் தாழ்த்துக. பல கருவிகளில் பொத்தான், தகட்டைக் குறிக்காமல் அணியத்தின் பக்கத்தைக் குறிக்கும். அவற்றில் இடப் பொத்தான் வலத் தகட்டை இயக்கும். ஓட்டுநர் இதைக் கரையிலேயே கண்டறிந்துகொள்க.

அலை பின்னாலிருந்து துரத்தும்போதும், படகைப் பின்னோக்கிச் செலுத்தும்போதும் தகடுகளை முழுதும் உயர்த்திவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், பின்னலையில் அணியம் நீருட் புதைந்து படகு குறுக்கே திரும்பிக் கவிழவும் கூடும்.

தகடு படகைச் சீர்ப்படுத்தும். அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்கும்படி செய்யாது. மழைக்காலம் தொடங்குமுன் ஊராட்சி உறுப்பினர்கள் மீனவர்களுடன் கூடித் தம் ஊர்ப் படகுகளின் பின்பலகைகளை ஒருமுறை தட்டிப் பார்ப்பார்களாக. அன்று செலவிடும் ஒரு நாள், வெள்ளம் வருங்காலத்தில் பல உயிர்களைக் காக்கும்.